ஏவினோர் கல்லறையும் இயற்றினோர் மண்ணறையும்

வரலாற்றுப் பாடநூல்களில் மிகுதியாக வழங்கும் வினைமுற்று ஒன்றுண்டு. 'கட்டினான்' என்பது அது. கூபு மன்னன் பெரும் பிரமிட்டைக் கட்டினான். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டினான். மகாசேனன் சேதவனத் தூபியைக் கட்டினான். வெள்ளைத் துரைமார் மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களைக் கட்டியெழுப்பினர். எழுவாயும் பயனிலையும் குறையின்றிப் பொருந்தியே நிற்கின்றன. ஆயினும் தமிழ் இலக்கண மரபு இத்தகைய வாக்கியங்களை ஐயுறாது ஏற்றுக்கொண்ட மரபன்று. மூன்றாம் வேற்றுமைக்கு உரை கூற வந்தோர், அரசனால் ஆயது கோயில் என்பதற்கும் தச்சனால் ஆயது கோயில் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டி, முன்னவனை ஏவுதற்கருத்தா என்றும் பின்னவனை இயற்றுதற்கருத்தா என்றும் பிரித்துரைத்தனர். வகுப்பறையில் இலக்கணப் பாடவேளையிற் கற்பிக்கப்படும் இவ்வுண்மை, அடுத்த பாடவேளையில் வரலாறு தொடங்கியவுடன் மறக்கப்பட்டுவிடுகிறது.

இம்மறதி தற்செயலானதன்று. ஏவினோரின் பெயர் கல்லில் நிலைப்பதற்கும் இயற்றினோரின் பெயர் மண்ணில் மறைவதற்கும் இடையே ஓர் உறவு உண்டு. அவ்வுறவை நைல் நதிக்கரையிலும் காணலாம். ஊவா மாகாணத்தின் கொஸ்லந்தை மலைச்சரிவிலும் காணலாம்.

எகிப்தின் கதை முதலில் நேர்படச் சொல்லப்படவேண்டும். ஏனெனில், மேடைகளிற் சொல்லப்படுவது பெரும்பாலும் கட்டுக்கதையே. கி. மு. 27ஆம் நூற்றாண்டளவில் சக்காராவில் சோசர் மன்னனுக்காக எழுந்த படிப் பிரமிட்டே இவ்வகைக் கல்லறைகளுள் முதலாவது. அதற்கு முன்பு அரசர்க்கும் உயர்குடியினர்க்கும் மண்செங்கல்லால் அமைந்த தட்டையான மேடைக் கல்லறைகளே இருந்தன. இம்கொதெப் என்னும் அமைச்சனின் மேற்பார்வையில் அம்மேடை கல்லாக மாறி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு படிகளாக உயர்ந்து, 60 மீற்றர் உயரத்தை எட்டியது. அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் கீசாவில் கூபுவின் பெரும் பிரமிட்டு எழுந்தது. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீற்றர். ஆதி உயரம் 146 மீற்றருக்குச் சற்று அதிகம். கற்களின் தொகை ஏறத்தாழ 23 இலட்சம் என்பது ஆய்வாளர் கணிப்பு. உட்பகுதிக்கான சுண்ணக்கல் கீசா மேட்டிலேயே வெட்டப்பட்டது. வெளிப்புறத்தைப் போர்த்திய வெண்ணிறச் சுண்ணக்கல் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள தூராவிலிருந்து வந்தது. அரசனின் உடல் கிடத்தப்படவிருந்த அறைக்கான கருங்கல்லோ, தெற்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள அசுவானிலிருந்து நைல் நதிவழியே படகேறி வந்தது. ஒரு மனிதனின் உடலைப் பாதுகாப்பதற்காக ஒரு நாட்டின் ஆறும் மலையும் மக்களும் ஒருங்கே வேலைவாங்கப்பட்டனர்.

இதனைச் செய்தோர் யாவர்? கி. மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்கரான ஹெரோடோட்டஸ், நூறாயிரவர் மும்மாத முறைவைத்து இருபது ஆண்டுகள் உழைத்தனர் என்று எழுதிவைத்தார். கூபு இறந்து இரண்டாயிரம் ஆண்டுகளின் பின்னர் வழிகாட்டிகளிடம் கேட்டறிந்த செய்தி அது. பின்வந்தோர் அதனைச் சாட்டையாகவும் சங்கிலியாகவும் விரித்துவிட்டனர். அகழாய்வு காட்டுவது வேறொன்று. 1990ஆம் ஆண்டில் கீசாவிலே ஒரு குதிரை மண்செங்கற் சுவரொன்றில் இடறியதன் பயனாகத் தொழிலாளரின் இடுகாடு வெளிப்பட்டது. அரசனின் பிரமிட்டை அண்ணாந்து பார்க்கும் தொலைவில், அக்கட்டடத்தில் எஞ்சிய கல்லையும் மண்செங்கல்லையும் கொண்டு அவர்களுக்கும் சிறு கல்லறைகள் அமைக்கப்பட்டிருந்தன. மறுமைக்கான அப்பமும் மதுவும் கலங்களில் வைக்கப்பட்டிருந்தன. எலும்புகள் கதை சொல்லின: முதுகெலும்பு தேய்ந்தோர் பலர், கை கால் முறிந்து, கட்டுக் கட்டப்பட்டு, எலும்பு மீண்டும் பொருந்தியோர் பலர். அருகே கண்டறியப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் ஆடுமாடுகளின் எலும்புகளும் அடுகலங்களும் பெருந்தொகையிற் கிடைத்தன. வேலைக்குழுக்கள் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு அப்பெயர்களைக் கற்களில் எழுதிவைத்தன. 'கூபுவின் நண்பர்கள்' என்பது ஒரு குழு; 'மென்காவுரேயின் குடிகாரர்கள்' என்பது மற்றொரு குழு. உழைப்பாளரின் நகைச்சுவை எக்காலத்தும் ஒன்றுதான் போலும்.

2013ஆம் ஆண்டில் செங்கடற்கரையிலுள்ள வாடி அல்-ஜார்ப் என்னுமிடத்தில் கிடைத்த பப்பைரசு ஏடுகள் இன்னும் வியப்புக்குரியவை. ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவின் தலைவனாகிய மெரெர் என்பான், தூராவிலிருந்து கீசாவுக்குக் கல் ஏற்றிச்சென்ற பயணங்களை நாட்குறிப்பாக எழுதிவைத்துள்ளான். எந்நாளில் எங்கே தங்கினர், எந்நாளிற் கல் ஏற்றினர், எந்நாளில் இறக்கினர் என்பதெல்லாம் அதில் உள்ளன. உடன் கிடைத்த கணக்கேடுகளில் குழுவினர்க்கு வழங்கப்பட்ட உணவுப்பொருள்களின் கணக்கும் உண்டு. எழுத்து எழுதப்பட்ட பப்பைரசுகளுள் இன்று அறியப்பட்டவற்றில் மிகப் பழையன இவையே. அரசனின் புகழையோ தெய்வத்தின் அருளையோ அவை பாடவில்லை; ஓர் உழைப்பாளர் குழுவின் நாள்வேலையையும் அதன் படியையும் கூறுகின்றன.

இக்கண்டுபிடிப்புக்களைக் காட்டி, பிரமிட்டு கட்டினோர் அடிமைகள் அல்லர், எனவே அது அன்பினாலும் பக்தியினாலும் எழுந்த மக்கட் பெரும்பணி என்று முழங்குவோர் இப்பொழுது மிகுந்துள்ளனர். சாட்டைக் கதையை விட்டெறிந்த கையோடு திருவிழாக் கதையொன்றைக் கட்டிவிடுகின்றனர். விலைக்கு வாங்கப்பட்ட அடிமை அல்லன் என்பதனால் ஒருவன் விரும்பிச் சென்றவன் ஆகிவிடுவானா? ஊரூராக ஆள் திரட்டப்பட்டனர், முறைவைத்து அனுப்பப்பட்டனர், தேய்ந்த முதுகெலும்பு எவரது பக்திக்கும் சான்றாகாது. ஆயினும் மறுக்கவியலாத ஒன்று உண்டு. அவ்வரசு தன் உழைப்பாளரை எண்ணிவைத்தது, ஊட்டியது, முறிந்த கையைக் கட்டியது, இறந்தோரைத் தன் நிழலிலேயே புதைத்தது. கடவுள் என்று தன்னைக் கூறிக்கொண்ட ஒரு கொடுங்கோலரசின் மிகக்குறைந்த கடமையுணர்ச்சி அவ்வளவு. அந்த அளவுகோலை மறவாது வைத்துக்கொண்டு பிற அரசுகளை அளக்கலாம்.

மற்றோர் அளவுகோலும் எகிப்திலேயே உண்டு. கூபுவின் தந்தையாகிய சினெபெரு, தஷூரில் ஒரு பிரமிட்டைத் தொடங்கினான். ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் அது உயர்ந்துகொண்டிருந்தது. அடிநிலமோ உறுதியற்றது, பாறையன்று, மணலும் களியுங் கலந்த நிலம். சுமை ஏற ஏற நிலம் அமிழ்ந்தது, உட்சுவர்கள் வெடித்தன. பாதி உயரத்தில் வேலை மாற்றப்பட்டது. சரிவு 43 பாகையளவுக்குக் குறைக்கப்பட்டு, எஞ்சிய பகுதி அவ்வாறே முடிக்கப்பட்டது. இன்றும் அது இடையில் வளைந்தே நிற்கின்றது. அரசன் அதனோடும் அமையவில்லை. சற்று வடக்கே, தொடக்கத்திலிருந்தே தாழ்ந்த சரிவில், செந்நிறப் பிரமிட்டு எனப்படும் வேறொன்றை எழுப்பினான். கருவிகள் குறைந்த காலம். மண்ணியல் என்றொரு துறை பிறவாத காலம். எனினும் நிலம் வெடிப்புக் காட்டியபோது எகிப்தியத் தச்சர் அதனைக் கண்டனர், கண்டதைச் சொன்னோரும் இருந்திருத்தல் வேண்டும், அரசு கேட்டது. இறந்தபின் கிடக்கப்போகும் ஓர் அரசனுக்காக நிலத்தின் எச்சரிக்கை செவிமடுக்கப்பட்டது.

தமிழர் தம் மரபைப்பற்றிப் பெருமை பேசும்போதும் இக்கேள்விகள் தவிர்க்கப்படக்கூடாதவை. சோழர் பள்ளிப்படைகள் அரசர்க்கு எழுப்பிய நினைவாலயங்களே. ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் இராசராசன் எடுத்த அரிஞ்சிகை ஈச்சுரமும், பழையாறைப் பகுதியில் பஞ்சவன்மாதேவிக்கு இராசேந்திரன் எடுத்த பள்ளிப்படையும் இன்றும் நிற்கின்றன. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் ஒருவகையில் நேர்மையானவை: தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும் வீட்டையும் பொறித்துள்ளன, குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரையும் மறைக்கவில்லை. ஆனால் மலையில்லாத தஞ்சைக்குக் கருங்கல்லை இழுத்துவந்த தோள்களுக்கு ஒரு வரியும் இல்லை. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கனக விசயர் தலையில் ஏற்றிக் கொணர்ந்த கதையைக் கேட்டுக் கைதட்டாத தமிழ்விழா இல்லை. அக்கல் வஞ்சி வந்து சேரும்வரை இடையிடையே எத்தனை தலைகள் மாறின என்று எவரும் கேட்பதில்லை. கரிகாலன் இலங்கையிலிருந்து பன்னீராயிரவரைச் சிறைகொண்டு சென்று காவிரிக்குக் கரை கட்டுவித்தான் என்னும் மரபுவழிச் செய்தியும் வீரக்கதையாகவே கையாளப்படுகின்றது. கரை கட்டியவன் தலையில் இருந்த மண்கூடை வீரக்கதையில் இடம்பெறுவதில்லை.

ஈழத்துப் பழைய வரலாறு ஓரிடத்தில் இவ்வகையில் முந்தி நிற்கின்றது. துட்டகைமுனு அநுராதபுரத்தில் மகாதூபியை எழுப்பத் தொடங்கியபோது, கூலியின்றி எவரும் வேலை செய்யக்கூடாதென ஆணையிட்டு, நான்கு வாயில்களிலும் பணமும் உடையும் உணவும் வைத்தான் என மகாவம்சம் கூறும். அது நிகழ்ந்ததா, நிகழவேண்டுமென்று நூல்செய்த பிக்குவின் விருப்பமா என்பது வேறு வினா. கூலி கொடாது கட்டிய புண்ணியம் புண்ணியமாகாது என்னும் எண்ணம் அக்காலத்து ஒரு துறவிக்காவது இருந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அதே நூல், தன்னால் வெல்லப்பட்ட எல்லாளனுக்கு அம்மன்னன் நினைவிடம் அமைத்து, அவ்வழிச் செல்வோர் வாத்தியம் நிறுத்தி மரியாதை செய்ய ஆணையிட்டான் என்றும் கூறுகின்றது.

இனி ஊவாவுக்கு வரலாம்.

பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் உள்ளது. 1857ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட அவ்வாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்த அவர், 1845 யூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரது உடல் நுவரெலியாவிலே புதைக்கப்பட்டது. அவர் கொன்ற யானைகள் ஆயிரத்து நானூறு என்று பெருமையாகவே சொல்லப்பட்டு வந்தது. ஊவாவுக்குப் பாதைகள் அமைத்தவர் என்பதும் அவரது புகழுள் ஒன்று. 'ரொஜர்ஸ் பாதை அமைத்தார்' என்ற வாக்கியத்தில் மீண்டும் அதே வினைமுற்று. யானைகளையேனும் அவர் தம் கையாற் சுட்டார். பாதையைத் தம் கையால் வெட்டவில்லை. அவர் இறந்து மூவாண்டுக்குள், 1848இல் வந்த பாதைக் கட்டளைச்சட்டம் 18 முதல் 55 வயதுவரையுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் பாதைவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றது. இராசகாரியத்தை 1832இல் ஒழித்ததாகப் பறைசாற்றிய அதே ஆட்சி, பதினாறு ஆண்டுகளில் அதனை ஆங்கிலப் பெயரோடு மீட்டுக்கொண்டது. பிரமிட்டுக்காலத்து முறைவேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, முன்னதில் அப்பமும் மதுவும் கொடுக்கப்பட்டன என்பதே.

1818இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட நிலத்தில், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதிகாட்ட இயலாத காணியெல்லாம் அரசியின் காணி. அரசியின் காணியெல்லாம் விலைக்காணி. கிராமத்துச் சிங்களவர் சேனைநிலத்தை இழந்தனர். அந்நிலத்தில் வேலைசெய்யத் தமிழ்நாட்டின் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் எந்த நிலத்தையும் பெறவில்லை. இழந்தவனையும் பெறாதவனையும் எதிரெதிரே நிறுத்தி, இடையே துரை குதிரையேறிச் சென்றான். இம்முக்கோணத்தை விளங்கிக்கொள்ளாது மலையக அரசியலை விளங்கிக்கொள்ள இயலாது.

வந்தோர் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தனர். கொள்ளைநோயிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தோர் எத்துணையோ பேர். அவர்கட்கு மண்மேடுகூட இல்லை. 2023 யூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவ்வழியே மலையக மக்களும் பிறரும் நடந்து, இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தனர். நடந்த பாதையே அம்மக்களின் கல்வெட்டு. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று உலகமெங்கிலுமிருந்து வருவோர் படம்பிடித்துச் செல்கின்றனர். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயரால் ஒரு மலைமுகடும், அதன்மேல் அமர்ந்த கோலத்தில் அவரது சிலையும் உண்டு. அம்முகட்டில் நின்று தெற்கே நோக்குவோர், மேகம் விலகினால், தாழ்நாடு முழுவதையும் காணலாம். கொஸ்லந்தையும் மீரியபெத்தையும் அதே மலைத்தொடரின் சரிவிலேயே உள்ளன.

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, அல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட மீரியபெத்தையில் மலை சரிந்தது. நாட்கணக்கிற் பெய்த மழையில் ஊறிய மண், பாறையோடும் மரங்களோடும் இறங்கி, லயன் வரிசைகளை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவர்களுட் சிலர்க்குத் திரும்பிச்செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதலிரு நாளிலும் நூற்றுக்கணக்கில் பேசப்பட்ட இறந்தோர் தொகை, பின்னர் பெருமளவு குறைத்துக் கூறப்பட்டது. ஒரு சில உடல்களே கிடைத்தன. தேடுதல் நிறுத்தப்பட்டது. எஞ்சியோர் அம்மண்ணிலேயே விடப்பட்டனர்.

தொகை நாளுக்கொன்றாக மாறியதைச் சிறுசெய்தியாகக் கொள்ளலாகாது. தோட்டத்தில் ஒவ்வொருத்தியும் பறிக்கும் கொழுந்து நாள்தோறும் தராசில் நிறுக்கப்படுகின்றது. பெயருக்கு நேரே செக்ரோலிற் பதியப்படுகின்றது. ஒரு கிலோ குறைந்தாற் கேள்வி எழுகின்றது. கொழுந்தின் கணக்கு அவ்வளவு நுணுக்கமாக இருந்த இடத்தில், மனிதரின் கணக்கு இரண்டு நாள் தெளிவுபடவில்லை. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னர் மெரெர் தன் நாற்பது பேரையும் எண்ணிவைத்திருந்தான்.

மலைச்சரிவை 'இயற்கை அனர்த்தம்' என்று பெயரிட்டுக் கடந்துபோதல் எளிது. மழை இயற்கையே, சரிவும் இயற்கையே. அச்சரிவின் கீழே லயன் இருந்தது இயற்கையன்று. லயன் எங்கே அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்தோர் தோட்டத்தைத் திட்டமிட்டோர். துரையின் பங்களா குன்றின் மேலே, காற்றும் காட்சியும் நோக்கி அமைந்தது. லயன் தேயிலைக்கு உதவாத மடுவிலும் ஓடையோரத்திலும் அமைந்தது. மேற்சரிவிலே காடு வெட்டப்பட்டதும், நீர் வழிய வெட்டிய கான்கள் பராமரிப்பின்றித் தூர்ந்துபோவதும் மனிதர் செயல்களே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று என எச்சரித்திருந்தது. சினெபெருவின் தச்சர்க்குக் கிடைத்த செவி இவ்வறிவியலாளர்க்குக் கிடைக்கவில்லை. அங்கே இறந்துகிடக்கப்போகும் ஒருவனுக்காகப் புதிய இடம் தேடப்பட்டது. இங்கே உயிரோடிருந்த குடும்பங்களுக்காக ஒன்பது ஆண்டில் ஒரு மேட்டுநிலம் தேடப்படவில்லை.

'வெளியேறும்படி கூறப்பட்டது, அவர்களே செல்லவில்லை' என்ற விடை அந்நாட்களிற் பெரியோர் பலரின் வாயில் வந்தது. இவ்விடையைப்போற் கொடியது பிறிதில்லை. எங்கே செல்வது? தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை அவனுடையதன்று. அதன் முன்னுள்ள முற்றம் அவனுடையதன்று. அவன் மூதாதையர் நட்ட செடியும், அச்செடி நிற்கும் மண்ணும் அவனுடையவை அல்ல. அநுமதியின்றி ஒரு குடிசையைத் தூக்கி நூறு அடி தள்ளிவைக்கவும் அவனுக்கு உரிமையில்லை. கிராமத்தவன் வீடிழந்தாற் காணி எஞ்சும். நகரத்தவன் வாடகைக்கேனும் வேறிடம் பார்ப்பான். தோட்டத்தவனுக்கோ வேலையும் வீடும் ஒரே சங்கிலியின் இரு வளையங்கள். வீட்டை விட்டால் வேலை போம், வேலையை விட்டால் வீடு போம். நிலமற்ற ஒருவனிடம் 'இடம் மாறு' என்பது அறிவுரையாகாது. பழியை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுப்பதாகும்.

இந்நிலமின்மையின் வேர் சட்டத்தில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பார்க்கலாம் எனப் பங்கிட்டது. செக்ரோலைக்கூட இவ்வளவு இரக்கமின்றி எவரும் எழுதியதில்லை. மீரியபெத்த மலை சரிந்தபோது அவ்வுடன்படிக்கைக்கு ஐம்பது ஆண்டு நிறைய ஒருநாளே எஞ்சியிருந்தது. 2003இல் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வந்தது. குடியுரிமையோடு காணி வரவில்லை. எழுபதுகளிலே தோட்டங்கள் அரசுடைமையானபோதும் வரவில்லை. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபோதும் வரவில்லை. உடைமையாளர் மாற மாற, இயற்றுவோன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

நினைவுச்சின்னம் பற்றிய பேச்சு ஒவ்வோர் ஒக்ரோபரிலும் எழுகின்றது. தூபி வேண்டும், பெயர்ப்பலகை வேண்டும், மண்டபம் வேண்டும் என்கின்றனர். இறந்தோரின் பெயர் பொறிக்கப்படுதல் வேண்டியதே. அதனை மறுப்பார் இலர். ஆனால் தூபி எழுப்புதல் அரசியல்வாதிக்கு மிகவும் மலிவான பணி. காணி கொடுப்பின் கம்பனியோடு மோதவேண்டும். கல் நாட்டின் நாடாவை வெட்டினாற் போதும். இயற்றியவன் உயிரோடிருந்தபோது மறுக்கப்பட்ட ஏழு பேர்ச்சசுக்குப் பதிலாக, இறந்தபின் எழு அடிக் கல்லைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் முயற்சியை அம்மக்களின் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளுதல் தகாது. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலே ஏறக்குறைய ஈராண்டு காத்திருந்தபின்பே, 2016இல் மாகல்தெனியவிற் கட்டப்பட்ட வீடுகள் அவர்கட்குக் கையளிக்கப்பட்டன. கூபுவின் பிரமிட்டு முழுமைக்கும் இருபது ஆண்டுகளே சென்றன என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, சில பத்து வீடுகட்குச் சென்ற ஈராண்டை மதிப்பிடலாம்.

எகிப்திலே கல்லறை இயற்றுவோர் எப்பொழுதும் வாய்மூடி இருந்தனர் என்று கருதுவதும் பிழை. மூன்றாம் இராம்சேசு மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி. மு. 1157இல், அரச கல்லறைகளை வெட்டி அணிசெய்த தெய்ர் எல்-மதீனா ஊர்த் தொழிலாளர், படி வந்துசேரத் தவறியபோது கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, அரசர்களின் ஈமக்கோயில்களின் பின்னே சென்று அமர்ந்துவிட்டனர். எழுத்திற் பதிவான வேலைநிறுத்தங்களுள் மிகப் பழையது அதுவே. அச்செய்தி தாங்கிய பப்பைரசு இத்தாலியின் தூரின் நகரில் உள்ளது. அதிகாரிகள் வந்து வாக்குறுதி கூறினர்; அவர்கள் எழவில்லை; படி வந்தது; மீண்டும் தவறியது; மீண்டும் அமர்ந்தனர். நாட்கூலி 1,000 ரூபா வேண்டுமென்று மலையகத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் வீதியில் அமர்ந்து, 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை கண்ட வாக்குறுதிகளின் வரிசை, அப்பப்பைரசைப் படித்தோர்க்குப் புதிதாகத் தோன்றாது. வர்த்தமானி வந்தபின்னும் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சூழலும் இவ்விடயத்திற் குற்றமற்றதன்று. சோழர் கல்வெட்டுக்குப் பொழிப்பெழுதப் பத்துப் பேர் உளர்; தோட்டத்துச் செக்ரோலைச் சமூக வரலாற்று ஆவணமாக வாசிக்க ஒருவரைக் காண்பது அரிது. நடுகல்லைப்பற்றியும் முதுமக்கட் தாழியைப்பற்றியும் சிறப்புக்கட்டுரைகள் ஆண்டுதோறும் எழுகின்றன. தேயிலை ஓரத்துப் புதைகாடுகள் எங்கெங்கே உள்ளன, எவை செடிகளின் கீழ் மறைந்தன, ஒப்பாரியில் எவ்வூர்ப் பெயர்கள் தங்கியுள்ளன என்ற ஆய்வு ஓரிரு ஆர்வலரின் தனிமுயற்சியாகவே நின்றுவிடுகின்றது. தொல்லியல் என்றால் ஆயிரம் ஆண்டு சென்றிருக்கவேண்டும் என்பதில்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த வழி ஒரு தொல்லியற்களம்; கைவிடப்பட்ட லயன் ஒரு தொல்லியற்களம். கீசாவிலே ஒரு குதிரை இடறும்வரை தொழிலாளர் இடுகாடு எவர் கண்ணிலும் படாதிருந்தது. மலையகத்திலும் ஒரு குதிரை இடறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலமும் காத்திருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைப் பகுதியில், கபரகலைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவுக்குள்ளாயின. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கை முழுவதையும் உலுக்கியபோது நாடெங்கும் அறுநூறு பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டு மாவட்டங்கள் பேரழிவைக் கண்டன. பதுளையும் அவற்றுள் ஒன்று. மீரியபெத்தைக்கும் அப்புயலுக்கும் இடையே பதினோராண்டு கிடைத்தது. ஆபத்துச் சரிவுகள் எவையென்பது வரைபடத்தில் உண்டு. அவற்றின் கீழ் வாழ்வோர் யாவரென்பது செக்ரோலில் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைப்பதற்கு வேண்டியது அறிவியலன்று, ஆணை.

அவ்வாணை எவ்வாறு அமையவேண்டும் என்பதும் தெளிவே. ஆபத்துச் சரிவின் கீழுள்ள ஒவ்வொரு லயனுக்கும் அதே தோட்டத்தில், அதே தொழிலுக்கு எட்டும் தூரத்தில், உறுதியான நிலம் ஒதுக்கப்படவேண்டும். நிலத்தைத் தெரிவுசெய்வது தோட்ட முகாமையாளர் அல்லர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகமே தெரிவுசெய்யவேண்டும். காணி உறுதி குடும்பத்தின் பெயரில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரும் அதில் எழுதப்பட்டு, வேலையோடு பிணைக்கப்படாததாக இருக்கவேண்டும். எச்சரிக்கை அறிக்கைகள் கொழும்புக் கோப்புக்களில் உறங்காது, தமிழிலும் சிங்களத்திலும் அந்தந்தப் பிரட்டுக்களத்தில் ஒட்டப்படவேண்டும். ஒட்டிய திகதியும், ஒட்டியவர் கையொப்பமும், நடவடிக்கை எடுக்கவேண்டிய அதிகாரியின் பெயரும் அவற்றின் கீழே இருக்கவேண்டும்.